பாவும் ஊடையும் சுவரில் விழுந்த மதியம்

என் அக்காவும் மாமாவும் பேச்சை நிறுத்திக்கொண்ட பிறகு எனக்குப் புதிதாக ஓர் உத்தியோகம் கிடைத்தது. சாப்பாட்டு மேஜையில் இருவருக்கும் நடுவே உட்கார்ந்து, இந்தப் பக்கத்திலிருந்து வருவதை வாங்கி அந்தப் பக்கம் தர வேண்டும். சம்பளம் கிடையாது. விடுமுறையும் கிடையாது.

"தம்பி, தண்ணி மோட்டார் போட்டாச்சான்னு கேளு" என்பாள் அக்கா. மாமா அவள் கையெட்டும் தூரத்தில்தான் உட்கார்ந்திருப்பார்.

"மாமா, மோட்டார் போட்டாச்சா?"

"போட்டாச்சுன்னு சொல்லு மாப்ளே."

"அக்கா, போட்டாச்சாம்."

"எனக்குக் காது கேக்குது. நிறுத்தினாரான்னு கேளு."

மாமா சாப்பாட்டைப் பாதியில் விட்டுவிட்டு மோட்டாரை நிறுத்த ஓடுவார்.

நான் அவர்கள் வீட்டு மாடியறையில் இருக்கிறேன். கல்யாணம் ஆகவில்லை, ஆகும் என்று நம்பிக்கொண்டிருந்தவர்களும் இப்போது வேறு வேலை பார்க்கப் போய்விட்டார்கள். மூன்று வேளையும் கீழேதான் சாப்பாடு. அந்த வீட்டில் சமையலை இருவரும் சேர்ந்து செய்வது வழக்கம். பேச்சு நின்றதும் முதல் அடி உப்பில் விழுந்தது. அவர் போட்டிருப்பார் என்று இவளும், இவள் போட்டிருப்பாள் என்று அவரும் விட்டுவிடுவார்கள். அல்லது இருவருமே போட்டுவிடுவார்கள். கேட்டால் பேசியதாகிவிடும். ஆகையால் இந்தச் சண்டை தீர வேண்டும் என்பதில் எனக்கிருந்த அக்கறையை யாரும் பாசம் என்று மட்டும் தப்பாக நினைத்துவிடக் கூடாது.

சண்டைக்குக் காரணம் ஒரு துணி.

இருவரும் ஒரே ஆலையில் வேலை செய்கிறார்கள். அங்கே நெய்வது உடுத்துகிற துணி இல்லை, நைலான் வலைத்துணி. மருந்து ஏற்றுகிற குழாய்களுக்குள் வடிகட்டியாக வைப்பார்கள். கையில் எடுத்தால் மூடுபனியைக் கிள்ளி எடுத்த மாதிரி இருக்கும். அதன் ஒவ்வொரு கண்ணும் ஒரே அளவாக இருக்க வேண்டும். ஒன்று பெரிதாகிவிட்டால் வடிகட்ட வேண்டியது வடிகட்டப்படாமல் உள்ளே போய்விடும். அக்கா தறியை ஓட்டுகிறாள். மாமா அந்தத் தறிக்கு ஃபிட்டர். அவர் பூட்டித் தருவார், அவள் ஓட்டுவாள். கல்யாணத்துக்கு முன்பிருந்தே அப்படித்தான். கல்யாணமே அப்படித்தான் ஆயிற்று.

அக்கா நெய்த சுருள் ஒன்றை வாங்கிய இடத்திலிருந்து திருப்பி அனுப்பிவிட்டார்கள். சில இடங்களில் கண் பெரிதாக இருக்கிறதாம். ஆலையில் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார்கள். ஒன்றும் தெரியவில்லை. ஒரு தலைமுடியின் பருமனில் பாதி அங்கே இங்கே நகர்ந்திருந்தால் எந்தக் கண்ணாடியில் தெரியும்? ஒரு நேரத்தில் நாலைந்து கண்கள்தான் பார்வைக்குள் வரும். நாலைந்தும் பார்க்க நல்ல பிள்ளைகளாகவே இருக்கும்.

ஆலையின் மேனேஜர் ஒரு பெண்மணி. சத்தம் போடாதவர், அதனாலேயே எல்லோருக்கும் அவரிடம் பயம். அவர் இருவரையும் கூப்பிட்டு, முதலில் மாமாவிடம், "தறியில ஏதாவது கோளாறு இருக்கா?" என்று கேட்டிருக்கிறார்.

மாமா, "தறியில ஒரு கோளாறும் இல்லைங்க" என்றிருக்கிறார்.

தறியைப் பற்றிக் கேட்ட கேள்விக்கு மாமா தறியைப் பற்றித்தான் பதில் சொன்னார். ஆனால் தறியை விட்டால் பழி போட மிச்சம் இருந்தது அக்கா மட்டும்தான்.

நீளவாக்கில் நிற்கும் பாவு இழைகளுக்குக் குறுக்கே ஊடை இழை ஓடி ஓடி வலை உருவாகிறது. இழை அறுந்து தறி நின்றுவிட்டால், மறுபடி ஓட்டும் முன் ஒரு சக்கரத்தைக் கையால் பின்னுக்குத் திருப்பி ஊடையைச் சரியாக அணைக்க வேண்டும். அதில் அவசரப்பட்டால் அந்த இடத்தில் இடைவெளி விழும். அக்கா அவசரப்பட்டிருக்கிறாள் என்று எல்லோரும் முடிவு செய்துகொண்டார்கள். புதிதாக அகலத் தறி ஒன்று வரவிருந்தது. அது அக்காவுக்கு என்று ஏறக்குறையச் சொல்லிவிட்டிருந்தார்கள். அவள் அதன் படத்தைச் சமையலறைச் சுவரில் ஒட்டி வைத்திருந்தாள். மற்ற வீடுகளில் குழந்தை படம் ஒட்டுவார்கள். இப்போது, "புதுத் தறியைப் பத்தி அப்புறம் பாக்கலாம். அதுவரைக்கும் நீங்க பேக்கிங் பக்கம் இருங்க" என்றுவிட்டார் மேனேஜர்.

"அவர் சொன்னது பொய்யில்லையேக்கா" என்றேன் ஒருநாள்.

"பொய் சொல்லியிருந்தா மன்னிச்சிருப்பேன்டா. மனசார சொன்னாரு."

மொட்டை மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தோம். அவள் ஒரு கிளிப்பை வாயில் கடித்தபடியே கேட்டாள். "உங்க காலேஜ் கண்காட்சியில நீ ஒண்ணு காட்டினியே. கட்டம் போட்ட படத்துல நிக்கிற கோட்டை மட்டும் காணாம அடிச்சே. அது என் துணிக்கு முடியுமா?"

"எதுக்கு?"

"ஊடையை மட்டும் தனியாப் பாக்கணும். நான் ஒவ்வொரு தடவையும் சக்கரத்தைத் திருப்பித்தான் எடுத்தேன். அது ஒழுங்கா இருக்குன்னு அந்தம்மா கண்ணால பாக்கணும். வாங்கினவங்கதான் துணியை இழுத்துப் பிடிச்சு மாட்டிக் கெடுத்திருப்பாங்க."

அந்த வேலை எனக்குத் தெரிந்த ஒரே வேலை. நான் கல்லூரியில் பேராசிரியர் இல்லை. பேராசிரியர் வருமுன் இயற்பியல் ஆய்வகத்துக்குப் போய் விளக்கைப் பொருத்தி வைத்து, அவர் போனபின் அணைத்துவிட்டு வருகிறவன். டெமான்ஸ்டிரேட்டர் என்று பதவிக்குப் பெயர். மாணவர்கள் வைத்த பெயர் 'லென்ஸ்'. கூப்பிடும்போது 'சார்' சேர்த்துக்கொள்வார்கள், அந்த அளவுக்கு மரியாதை உண்டு.

விஷயம் இதுதான். லேசர் ஒளியை விரித்துத் துணி வழியாக அனுப்பி, அதை ஒரு லென்ஸில் வாங்க வேண்டும். லென்ஸ் ஒளியைக் குவிக்கும் இடத்தில் ஒரு காகிதத்தை வைத்துப் பார்த்தால் அங்கே துணி இருக்காது. புள்ளிகள் இருக்கும். அடுக்கி வைத்த மாதிரி, நடுவில் ஒன்று பளிச்சென்று, சுற்றிலும் வரிசை வரிசையாக. நிற்கிற இழைகளின் ஒளியெல்லாம் படுத்த ஒரு வரிசைப் புள்ளிகளாகப் போய் உட்காரும். படுத்த இழைகளின் ஒளி நிற்கிற வரிசையாகும். துணியிலிருந்து அதன் ஒழுங்கை மட்டும் உரித்தெடுத்துத் தனியே காட்டுகிற இடம் அது. இதற்கு ஃபூரியர் மாற்றம் என்று பெயர். மாணவர்கள் பக்கம் பக்கமாக எழுதியும் விடையைத் தப்பாகக் கொண்டுவருவார்கள். ஒரு துண்டுக் கண்ணாடி, எழுதாமல், யோசிக்காமல், ஒளி கடந்து போகிற நேரத்துக்குள் சரியாகச் செய்துவிடும். எனக்கும் கண்ணாடிக்கும் உள்ள ஒற்றுமை யோசிக்காமல் செய்வது மட்டும்தான்.

அதற்கப்புறம் இன்னொரு லென்ஸ் வைத்தால் புள்ளிகள் மறுபடி துணியாகிச் சுவரில் பெரிதாக விழும். வித்தை நடுவில்தான். புள்ளிகள் இருக்கும் இடத்தில் ஒரு ஸ்லிட்டை, அதாவது இரண்டு சவர பிளேடுகளுக்கு இடையே ஒரு மெல்லிய திறப்பை வைத்து, ஒரு வரிசையை மட்டும் உள்ளே விட்டு மற்றதை மறித்துவிட்டால், சுவரில் வருகிற துணியில் ஒரு பக்கத்து இழைகள் மட்டுமே இருக்கும். மற்றவை நெய்யப்படவே இல்லாத மாதிரி மறைந்துவிடும்.

மேனேஜரிடம் அக்காவே போய்க் கேட்டாள். அவர் சற்று யோசித்து, மதிய இடைவேளையில் தன் அறையில் வந்து காட்டச் சொன்னார்.

கல்லூரியில் அனுமதி வாங்கிச் சாமான்களைக் கட்டினேன். எடுத்துப் போக ஆலையின் வேனை ஓட்டிக்கொண்டு வந்தது மாமா. லென்ஸ்களைத் தாங்கும் இரும்புத் தண்டவாளத்தை நான் தூக்கப் போனபோது, "விடு மாப்ளே, உன் இடுப்பு உனக்கு இன்னும் தேவைப்படலாம்" என்று தானே தூக்கி வைத்தார்.  வழியில் சிக்னலில் நின்றபோது கேட்டார்.

"அவ ஊடை நல்லாத்தான் இருக்கும்னு வரும், இல்ல?"

"வரும் மாமா."

"நானும் அப்படித்தான் நினைக்கிறேன். அவ கை அப்படி."

"இதை அக்காகிட்டயே சொல்லலாமே."

"நீ சொல்லிடு" என்றார். விளக்கு பச்சையானது.

மேனேஜரின் அறை தறிக்கூடத்துக்கு மேலே இருந்தது. நான் லேசர் விளக்கைப் போட்டதும் புள்ளிகள் வந்தன. வந்து நிற்காமல் நடுங்கின. கீழே தறிகள் ஓடுகிற அதிர்வு தரை வழியாக, மேஜை வழியாக ஏறி லென்ஸைப் பிடித்து உலுக்கியது. ஸ்லிட்டின் திறப்புக்குள் புள்ளிகள் வருவதும் நழுவுவதுமாக இருந்தன. இடைவேளை மணி அடித்துத் தறிகள் ஒவ்வொன்றாக அடங்கியதும் புள்ளிகளும் அடங்கின. ஜன்னல் திரைகளை இழுத்து மூடினோம். மேனேஜர் தன் சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமல் பக்கத்தில் வைத்துக்கொண்டு, "ஆரம்பிங்க. மறுபடி தறி ஓடுறதுக்குள்ள நான் சாப்பிடவும் செய்யணும்" என்றார்.

திருப்பி அனுப்பப்பட்ட சுருளிலிருந்து துணியைச் சட்டத்தில் மாட்டியிருந்தோம். பாவு மேலும் கீழுமாக, ஊடை குறுக்காக. சுருளின் மிச்சம் கீழே ஒரு கம்பியில் இருந்தது. அக்கா கதவோரம் கையைக் கட்டி நின்றாள். மாமா எதிர்ப் பக்கம் சுவரோரம். நடுவில் நான், பழக்கப்பட்ட இடம்தான்.

எனக்கு ஆள் கூடினால் ஒரு வியாதி வரும். பேசுவேன். சுவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கூட்டத்தைப் பார்த்து, ஒரு கையை வீசி விளக்குவேன். லென்ஸ் எல்லாவற்றையும் தலைகீழாக்கும் என்றேன். புள்ளிகளைக் காட்டினேன். மேனேஜர் எழுந்து வந்து பார்த்து, "இவ்வளவு அழகா இருக்கு நம்ம துணி" என்றார். எனக்குத் தலை கொஞ்சம் கனத்தது. ஸ்லிட்டை எடுத்துச் செருகினேன்.

"இப்ப பாவு மொத்தமும் போயிடுச்சு. சுவத்துல தெரியிறது ஊடை மட்டும். அதாவது எங்கக்காவோட கை."

எல்லோரும் சுவரை உற்றுப் பார்த்தார்கள். வியந்துபோய் நிற்கிறார்கள் என்று நினைத்தேன்.

"நடுவுல வெள்ளையா விழுதே, அது என்ன?" என்றார் மேனேஜர் மெதுவாக.

"எது?"

"இடைவெளி. அங்க ஒண்ணு. அதோ, அங்க இன்னொண்ணு. மத்த கோடெல்லாம் நெருக்கமா இருக்கு, அந்த ரெண்டு இடத்துல மட்டும் விட்டுப்போன மாதிரி."

திரும்பிப் பார்த்தேன். சிவப்பு ஒளியில் நூறு நூறு மெல்லிய கோடுகள். அவற்றுக்கிடையே, கண்ணை மூடிக்கொண்டாலும் தெரிகிற மாதிரி, பளிச்சென்று இரண்டு இடைவெளிகள். பூதக்கண்ணாடிக்கு அகப்படாததை என் லென்ஸ்கள் சுவர் முழுக்க எழுதிக் காட்டிவிட்டன. வாங்கினவர்கள் பொய் சொல்லவில்லை.

அக்காவைப் பார்த்தேன். அவள் சுவரைப் பார்க்கவில்லை; தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். திருப்பி எடுத்தேன், திருப்பி எடுத்தேன் என்று சொல்லிக்கொண்டிருந்தவள், ஒருவேளை எடுக்கவில்லையோ என்று தன்னையே சந்தேகிக்கத் தொடங்குவது அந்த அரையிருட்டிலும் தெரிந்தது. அவளைக் காப்பாற்ற இரும்புத் தண்டவாளத்தோடு வந்தவன் நான்.

மேனேஜர் பெருமூச்சு விட்டார். "சரி. தெரிஞ்சுக்கிட்டது நல்லதுதான். வருத்தப்படாதீங்கம்மா, பேக்கிங்லயும்..."

"இருங்க" என்றார் மாமா.

அவர் சுவரருகே போய் நின்று தலையைச் சாய்த்துப் பார்த்தார். "மாப்ளே, இந்தக் கோடெல்லாம் ஏன் நிக்குது?"

"எந்தக் கோடு?"

"ஊடைன்னா படுத்துல்ல இருக்கணும்."

நான் பார்த்தேன். கோடுகள் நின்றன. தரையிலிருந்து கூரையை நோக்கி, சந்தேகத்துக்கு இடமில்லாமல், கம்பி கம்பியாக நின்றன.

"நானும் பாத்தேன். நீங்க தலைகீழாகும்னு சொன்னீங்களே, அதனாலயோ என்னவோன்னு நினைச்சேன்" என்றார் மேனேஜர்.

தலைகீழானாலும் நிற்கிற கோடு நின்றுதான் இருக்கும்.  ஊடை படுத்த இழை, ஆகவே ஸ்லிட்டையும் படுக்க வைத்திருந்தேன். ஒவ்வொரு வருடமும் செய்முறைத் தேர்வில் எல்லா மாணவர்களும் செய்கிற தவறு இது. படுத்த இழைக்குப் புள்ளிகள் நிற்கும், ஆகவே ஸ்லிட் நிற்க வேண்டும்; இதைக்கூடத் தெரியாமலா வந்தீர்கள் என்று கேட்டு மதிப்பெண்ணைக் குறைப்பவன் நான். கேட்கும்போது குரலில் ஒரு சலிப்பும் சேர்த்துக்கொள்வேன்.

"தப்பு" என்றேன். "தப்பு என்மேல. ஸ்லிட்டைப் படுக்க வச்சுட்டேன். இது ஊடை இல்லை."

பிளேடுகளைக் கழற்றி நிற்க வைத்துச் செருகினேன். அவசரத்தில் இரண்டு முறை புள்ளிகள் நழுவின. பிறகு சுவரில் படுத்த கோடுகள் வந்தன. மேலிருந்து கீழ்வரை ஒரே சீராக, ஒன்றுக்கொன்று அதே தூரத்தில். எங்கேயும் ஒரு வெள்ளை இல்லை, ஒரு நெருக்கம் இல்லை. அழகாக எழுதுகிற ஒருவருக்காகக் கோடு போட்டு வைத்த காகிதம் மாதிரி இருந்தது.

"இதுதான் ஊடை."

அக்கா இப்போது சுவரைப் பார்த்தாள். கட்டியிருந்த கை தானாக அவிழ்ந்தது.

மேனேஜர் மட்டும் அசையவில்லை. "தப்பா நினைக்காதீங்க. நீங்க அவங்க தம்பி. ஒரு பக்கம் வச்சா கெட்டதா வருது, திருப்பி வச்சதும் நல்லதா வருது. நான் எதை நம்புறது?"

நியாயமான கேள்வி. அந்த நேரத்தில் என்னை நானே நம்பத் தயாராக இல்லை.

"முதல்ல வச்ச மாதிரியே வைங்க" என்றார் அவர். "அந்த இடைவெளி இந்த ஒரு இடத்துல மட்டும் இருக்கா, இல்ல துணி நெடுக ஓடுதா? அவங்க தறியை நிறுத்தி எடுத்ததால வந்ததுன்னா, ஒரு இடத்துல இருக்கும், அடுத்த இடத்துல இருக்காது இல்லையா?"

படுக்க வைத்தேன். நின்ற கோடுகள் திரும்பி வந்தன. இரண்டு வெள்ளைகளும் அதே இடத்தில் வந்தன. துணியை யார் நகர்த்துவது என்று நான் பார்ப்பதற்குள் மாமா சட்டத்தருகே வந்துவிட்டார்.

அப்போதுதான் என் மண்டைக்கு அடுத்த பாதி எட்டியது. ஊடையில் தப்பில்லை என்றால் தப்பு பாவில். பாவு இழைகளைப் பிரித்து வரிசையாக நிறுத்துவது தறியில் இருக்கும் உலோகச் சீப்பு. அதை மாட்டுவது ஃபிட்டர். அக்காவை விடுவிக்க வந்தவன், வழியில் மாமாவை மாட்டிவிட்டிருந்தேன். இத்தனை நாள் லென்ஸ் வைத்து இதைக்கூட யோசிக்கவில்லை. மாமா யோசித்துவிட்டார் என்பது அவர் முகத்தில் தெரிந்தது. வேண்டுமானால் அவர் அந்தத் துணியைத் தொடாமல் இருந்திருக்கலாம். அல்லது கோணலாக இழுத்திருக்கலாம். ஒரு ஃபிட்டருக்கு அது கஷ்டமே இல்லை.

அவர் இரண்டு கையாலும் துணியின் ஓரங்களைப் பிடித்து, தராசு பிடிக்கிற மாதிரி, நேராக மேலே இழுத்தார். சுவரில் மங்கலான தூசித் திட்டுகள் கீழே வழிந்து போயின. வெள்ளைக் கோடுகள் இரண்டும் நகரவில்லை. இன்னும் இழுத்தார். கம்பியிலிருந்த சுருள் அவிழ்ந்துகொண்டே வந்தது. முழம் முழமாகத் துணி ஏறி மேஜைக்குப் பின்னால் விழுந்தது. கோடுகள் இரண்டும் அங்கேயே நின்றன, ஆணி அடித்து வைத்த மாதிரி.

"போதும்" என்றார் மேனேஜர்.

மாமா துணியை விடவில்லை. "சீப்புங்க" என்றார். "சீப்புல ரெண்டு இடத்துல பல்லு விலகியிருக்கு. அதான் நெடுக ஓடுது. அவ கைக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லை."

"தறியில கோளாறு இல்லைன்னு சொன்னீங்களே."

"இல்லைன்னுதான் நினைச்சேன். பழைய சீப்புல பல்லு சொரசொரன்னு ஆகி இழை அறுந்துக்கிட்டே இருந்துச்சு. ஓரமா போட்டிருந்த தறியில வழவழன்னு ஒண்ணு கிடந்துச்சு. ரெண்டு இடத்துல வளைஞ்சிருந்ததை நிமித்தி மாட்டினேன். பூதக்கண்ணாடி வச்சுப் பாத்துட்டுத்தான் மாட்டினேன். நல்லாத்தான் இருந்துச்சு."

"யாரைக் கேட்டு மாத்தினீங்க?"

 பதிலுக்குக் கதவோரத்திலிருந்து இன்னொரு கேள்வி வந்தது.

"சீப்பை மாத்தினதை என்கிட்ட ஏன் சொல்லல?"

அக்கா நேராக அவரைப் பார்த்துக் கேட்டாள். நான் பழக்கதோஷத்தில் மாமா பக்கம் திரும்பி வாயைத் திறந்துவிட்டேன். நல்லவேளை, யாரும் என்னைக் கவனிக்கவில்லை.

"இழை அறுந்து அறுந்து தோள்பட்டை விட்டுப்போச்சுன்னு ராத்திரி ராத்திரி புலம்பினது யாரு?" என்றார் மாமா.

"அதுக்கு?"

"அதுக்குத்தான்."

"அதுக்குத்தான்னா வாயைத் திறந்து சொல்றதுக்கு என்ன? அதுக்கப்புறம் இழை அறுறது குறைஞ்சுடுச்சு, என் கை பழகிடுச்சுன்னு நான் ஊரெல்லாம் பெருமை பேசிக்கிட்டுத் திரிஞ்சேன்."

"அதனாலதான் சொல்லல. சந்தோஷமா இருந்தே."

அக்கா கதவோரத்தை விட்டு அவர் பக்கம் ஓரடி வந்தாள். பிறகு, "சந்தோஷமா இருக்கிறவளைப் பேக்கிங்குக்கு அனுப்புறதுதான் உங்க ஊர் வழக்கமா?" என்றாள். ஆனால் குரலில் கத்தி இல்லை. சும்மா உறைதான் இருந்தது.

"நான் தறியைச் சொன்னேன். உன்னைச் சொல்லல."

"தறியை விட்டா அங்க வேற யாரு இருந்தா? பேயா?"

மேனேஜர் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தார். இருட்டிலேயே நாலு வாய் சாப்பிட்டார். அவர்கள் பேசித் தீர்க்கட்டும் என்று விட்டாரா, பசியா என்று தெரியவில்லை. பிறகு சொன்னார். "சீப்பை இன்னைக்கே கழட்டுங்க. கேக்காம மாத்தினதுக்கு உங்ககிட்ட தனியா பேசுவேன், அது நல்லா இருக்காது. அதே சீப்புல ஓடின மத்த சுருள் எதுவும் வெளியே போகக்கூடாது." அக்கா பக்கம் திரும்பினார். "உங்ககிட்ட நான்தான் மன்னிப்புக் கேக்கணும். புதுத் தறி உங்களுக்குத்தான். ஆனா அதைப் பூட்ட எனக்கு வேற ஃபிட்டர் கிடையாது. இவரோட சேர்ந்து வேலை செய்ய முடியுமா?"

அக்கா மாமாவை மேலும் கீழும் பார்த்தாள், பழைய சாமான் வாங்குகிறவள் மாதிரி.

"பாக்கலாங்க" என்றாள்.

கீழே தறிகள் ஓடத் தொடங்கின. நான் விளக்கை அணைத்தேன்.

அன்று சாப்பாட்டில் உப்பு சரியாக இருந்தது என்று எழுத ஆசைதான். இல்லை. இருவரும் மாற்றி மாற்றிக் குறை சொல்லிக்கொண்டே சமைத்ததில் அடிப்பிடித்துவிட்டது. நான் மறுபேச்சில்லாமல் சாப்பிட்டேன். யாருக்கும் எதையும் எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

புதுத் தறி வந்தது. பெட்டி பிரித்ததிலிருந்து பூட்டி முடிக்கும் வரை இருவரும் அதைச் சுற்றிச் சுற்றிப் பேசிக்கொண்டே இருந்தார்கள். பேசினார்கள் என்றால் கொஞ்சினார்கள் என்று அர்த்தமில்லை. சீப்பை மாட்டுமுன் மாமா அதைக் கொண்டுவந்து மேனேஜரிடம் காட்டினார். அவரை முந்திக்கொண்டு அக்கா வாங்கிப் பார்த்தாள்.

முதல் துணியைப் பார்க்க என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். மேனேஜர் கல்லூரியோடு பேசி என் சாமான்களுக்கு ஆலையின் மாடியில் நிரந்தரமாக ஓர் அறை ஒதுக்கிவிட்டார். சுவருக்கு வெள்ளையும் அடித்துவிட்டார். வாரத்தில் ஒருநாள், தறிகள் நிற்கும் மதிய இடைவேளையில், நான் போக வேண்டும். ஸ்லிட்டைச் செருகுவதற்கு முன், புள்ளிகள் விழும் இடத்தில் ஒரு காகிதத்தை வைத்தேன். இருவரும் ஆளுக்கொரு பக்கமாகக் குனிந்து பார்த்தார்கள்.

"இதுல என்னோடது எது?" என்றாள் அக்கா.

"இந்த நிக்கிற வரிசை. ஊடையோடது."

"படுத்திருக்கிறது என்னோடதா?" என்றார் மாமா.

"ஆமா, பாவு."

"படுத்திருக்கிறதுன்னாலே உங்களோடதுதான்" என்றாள் அக்கா.

"அப்ப இந்த மூலைங்கள்ல நாலா பக்கமும் கிடக்குதே, அதெல்லாம்?"

"அது ரெண்டும் சேர்ந்தா மட்டும்தான் வரும் மாமா. பாவு மட்டும் இருந்தா வராது, ஊடை மட்டும் இருந்தாலும் வராது."

மாமா குனிந்தபடியே அந்தப் புள்ளிகளை எண்ணுகிற மாதிரி பார்த்துக்கொண்டிருந்தார். "இதுதான் நிறைய இருக்கு" என்றார், யாரிடம் என்றில்லாமல்.

 அக்கா காகிதத்தை என் கையிலிருந்து வாங்கிக் கொஞ்ச நேரம் தானே பிடித்துக்கொண்டிருந்தாள்.

பிறகு ஸ்லிட்டைப் படுக்க வைத்தேன். இந்த முறை வேண்டுமென்றே. பாவு வந்தது. மாமா துணியை மேலே இழுத்துக்கொண்டே போனார். கோடுகள் ஒழுங்காக நின்றன. ஒரு வெள்ளையும் இல்லை. அவர் மூச்சு விடுவது எங்கள் எல்லோருக்கும் கேட்டது. நிற்க வைத்தேன். ஊடை வந்தது. துணி ஏற ஏறப் படுத்த கோடுகள் சீராக இறங்கிக்கொண்டிருந்தன. மேனேஜர் திருப்தியாகத் தலையாட்டத் தொடங்கியிருந்தார்.

"நிறுத்துங்க" என்றாள் அக்கா.

நான் ஒன்றையும் பார்க்கவில்லை. அவள் சுவருக்குப் போய் ஒரு கோட்டின்மேல் விரலை வைத்தாள். விரலுக்கு மேலேயும் கீழேயும் பார்த்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. மற்ற இடைவெளிகளைவிட அந்தக் கோட்டை ஒட்டிய இடைவெளி ஒரு துளி அகலம்.

"இங்கதான் ஒரு தடவை நின்னுச்சு. சக்கரத்தை முழுசாத் திருப்பல நான். பாதியில போதும்னு விட்டுட்டேன்."

"புதுத் தறிதானே, பழகணும்ல" என்றார் மாமா.

"பரிதாபப்படாதீங்க."

"சரி, படல. எவ்வளவு திருப்பினே?"

"பழைய தறிக்குத் திருப்புற அளவு."

"இதுல பல்சக்கரம் பெருசு. அந்த அளவு பத்தாது. வா, காட்டுறேன்."

"நீங்க காட்ட வேணாம். பக்கத்துல நில்லுங்க, நானே பாத்துக்கிறேன்."

மேனேஜர் என்னைப் பார்த்தார். நான் தோளைக் குலுக்கினேன். அவர்கள் இருவரும் அதற்குள் படியிறங்கிப் போய்விட்டிருந்தார்கள். எத்தனை பல், எத்தனை சுற்று என்று வாதாடிக்கொண்டே போகிற சத்தம் கீழிருந்து வந்தது. நான் அடுத்த துண்டை மாட்டச் சட்டத்தைத் துடைத்து வைத்தேன்.